‘ஏசியன்’ என்றால் யார்? நாட்டுக்கு நாடு ஆளை மாற்றும் இனப்பெயர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டன் செய்தியில் ‘ஏசியன்’ என்று வந்தால் அது பெரும்பாலும் நம்மைப் போன்ற ஒருவர். அமெரிக்கச் செய்தியில் அதே சொல் வந்தால் வாசகர் மனதில் முதலில் வருவது சீனரோ கொரியரோ. இரண்டும் ஆங்கிலம்தான், எழுத்தும் அதேதான், ஆள் மட்டும் வேறு. வெளிநாட்டுக்குக் கிளம்புகிறவர்கள், பிள்ளைகளைப் படிக்க அனுப்பியவர்கள், ஆங்கிலச் செய்தியைத் தமிழில் எழுதுகிறவர்கள் எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாப் பதிலுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்: இந்தப் பெயர்களை அகராதியில் தேடினால் கிடைக்காது, எந்த நாட்டில், எந்த ஆண்டில், யார் யாரை எண்ணினார்கள் என்று பார்த்தால்தான் பிடிபடும்.

பிரிட்டனில் ‘ஏசியன்’ என்றால் ஏன் நம் பக்கத்து ஆட்கள்? சீனர்கள் ஆசியாவில் இல்லையா?

இருக்கிறார்கள். ஆனால் பிரிட்டனில் பேச்சுவாக்கில் ‘ஏசியன்’ என்றதும் நினைவுக்கு வருவது இந்திய, பாகிஸ்தானிய, வங்கதேச, இலங்கைக் குடும்பங்கள்தான். காரணம் வரைபடத்தில் இல்லை, ஆப்பிரிக்காவில் இருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் கென்யா, உகாண்டா பக்கம் ரயில்பாதை போடவும் கடை வைக்கவும் போன பஞ்சாபிகளையும் குஜராத்திகளையும் முதலில் ‘இந்தியர்’ என்றே எழுதிவந்தார்கள். 1947இல் பாகிஸ்தான் பிறந்ததும் அந்தப் பெயர் எல்லாருக்கும் பொருந்தவில்லை, அதனால் இரண்டு தரப்பையும் சேர்த்துச் சொல்ல ‘ஏசியன்’ என்ற பெயர் நிலைத்தது. 1972 ஆகஸ்டில் இடி அமீன் 90 நாள் கெடு வைத்து அவர்களை உகாண்டாவிலிருந்து விரட்டினார். அவர்களில் சுமார் 27,000 பேர் பிரிட்டனுக்கு வந்தார்கள், ‘உகாண்டா ஏசியன்’ என்ற பெயரும் அவர்களோடு கப்பலேறி விமானமேறி வந்து அங்கேயே தங்கிவிட்டது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்த்தால் இந்தப் பெயர் எப்படி நகர்ந்திருக்கிறது என்று தெரியும். பிரிட்டனில் இனம் பற்றிய கேள்வி முதன்முதலாக வந்ததே 1991இல்தான். 2001 படிவத்தில் இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர் ஆகியோர் ‘ஏசியன்’ தலைப்பின் கீழ் இருந்தார்கள், சீனர்களோ இங்கிலாந்து-வேல்ஸ் படிவத்தில் ‘சீனர் அல்லது பிற இனக்குழு’ என்று தனியாக நின்றார்கள். 2011இல் சீனர்களையும் ‘ஏசியன்’ தலைப்புக்குள் கொண்டுவந்தார்கள். படிவம் மாறிவிட்டது, பேச்சு இன்னும் முழுசாக மாறவில்லை. பிரிட்டிஷ் போலீஸ் வாக்கி டாக்கியில் ஆளின் தோற்றத்தைச் சொல்லும் குறியீட்டைப் பாருங்கள்: இந்தியத் துணைக்கண்டத்து ஆசியர் ‘ஐசி 4’, சீன, ஜப்பானிய, தென்கிழக்கு ஆசியத் தோற்றம் ‘ஐசி 5’. இரண்டும் இன்றும் தனித்தனி எண்கள்தான்.

2022இல் ரிஷி சுனக் பிரதமரானபோது பிரிட்டிஷ் ஊடகங்கள் ‘முதல் பிரிட்டிஷ் ஏசியன் பிரதமர்’ என்று எழுதியது இந்தப் பின்னணியில்தான். அவருடைய பெற்றோர் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பஞ்சாபிக் குடும்பத்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்தப் பெயர் வந்த வழி முழுவதும் தெரிந்துவிடும்.

அப்படியானால் அமெரிக்காவில் நாம் ‘ஏசியன்’ இல்லையா?

அரசுக் கணக்கில் உண்டு. தூரக் கிழக்கு, தென்கிழக்கு ஆசியா, இந்தியத் துணைக்கண்டம் மூன்றும் அமெரிக்க அரசின் ‘ஏசியன்’ வரையறைக்குள் வரும். ஆனால் தெருவில், பள்ளியில், டிவியில் அந்தச் சொல் முதலில் கிழக்கு ஆசியர்களைத்தான் குறிக்கும். அங்கே முதலில் பெருமளவில் வந்த ஆசியர்கள் 1849 தங்க வேட்டைக்குப் பிறகு கலிஃபோர்னியாவுக்கு வந்த சீனர்கள், அப்புறம் ஜப்பானியர்கள், ஃபிலிப்பினோக்கள். ‘ஏசியன் அமெரிக்கன்’ என்ற பெயரே 1968இல் பெர்க்லியில் யூஜி இச்சியோகா, எம்மா கீ என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கிய அரசியல் அமைப்பிலிருந்து வந்தது. ‘ஓரியண்டல்’ என்று மேலிருந்து கீழே பார்த்துக் கூப்பிட்ட பெயரைத் தூக்கியெறிந்து, நமக்கு நாமே பெயர் வைத்துக்கொள்வோம் என்று அவர்கள் வைத்த பெயர் அது. இந்தியர்கள் பெரும் எண்ணிக்கையில் அமெரிக்கா போனதோ 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு. நாம் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெயருக்கு ஏற்கெனவே ஒரு முகம் ஒட்டியிருந்தது.

கமலா ஹாரிஸை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா ஷியாமளா கோபாலன் தமிழ்க் குடும்பத்துப் பெண், அப்பா ஜமைக்காக்காரர். அமெரிக்காவில் அவர் முதல் கறுப்பினத் துணை ஜனாதிபதி, முதல் ஏசியன் அமெரிக்கத் துணை ஜனாதிபதி, முதல் தெற்காசியத் துணை ஜனாதிபதி, மூன்றும் ஒரே ஆள். மூன்றில் எது ‘உண்மை’ என்று நம் ஊரில் நடந்த விவாதங்கள் எனக்கு வருத்தமாக இருந்தன, ஏனென்றால் மூன்றுமே உண்மை.

அமெரிக்கப் படிவத்தில் ‘ஏசியன் இண்டியன்’ என்று ஒரு விசித்திரமான பெயர் இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது?

அதற்குப் பின்னால் அறுபது எழுபது வருடப் போராட்டம் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிநாட்டிலிருந்து வந்தவர் விண்ணப்பித்து அமெரிக்கக் குடியுரிமை வாங்குவது ‘வெள்ளையர்’களுக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் மட்டும்தான். 1922 நவம்பரில் தகாவோ ஒசாவா என்ற ஜப்பானியரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், வெள்ளையர் என்றால் ‘காகேசியன்’ இனத்தவர், நீங்கள் அந்த இனம் இல்லை என்று தள்ளிவிட்டது. இதற்குச் சில மாதங்கள் கழித்து, 1923 பிப்ரவரியில் பகத் சிங் திந்த் வழக்குக்குத் தீர்ப்பு வந்தது. இவர் பஞ்சாபி சீக்கியர், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். அவர் தரப்பு வாதம் சாமர்த்தியமானது: உங்கள் மானுடவியல் அறிஞர்களே வட இந்தியர்களைக் காகேசியன் என்று எழுதியிருக்கிறார்கள், நீங்களும் காகேசியன் என்றால் வெள்ளையர் என்று இப்போதுதான் சொன்னீர்கள், அப்புறம் என்ன தடை? நீதிமன்றம் ஒரே குரலில் பதில் சொன்னது: அறிஞர் சொல்வது கிடக்கட்டும், சாதாரண மனிதன் ‘வெள்ளையர்’ என்று யாரை நினைக்கிறானோ அதுதான் கணக்கு. ஒசாவா தீர்ப்பையும் இந்தத் தீர்ப்பையும் எழுதியது ஒரே நீதிபதி, ஜார்ஜ் சதர்லேண்ட். இதன் பிறகு ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த பல இந்தியர்களிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. 1946இல் சட்டம் மாறும்வரை பெரும்பாலான இந்தியர்களுக்கு அந்தக் கதவு மூடியே இருந்தது.

தீர்ப்பில் சீக்கியரான திந்த் ‘உயர்சாதி ஹிந்து’ என்றுதான் குறிப்பிடப்படுகிறார். அன்றைய வட அமெரிக்காவில் இந்தியாவிலிருந்து வந்த யாராக இருந்தாலும் ‘ஹிந்து’தான், சீக்கியரும் முஸ்லிமும் சேர்த்து. ‘இண்டியன்’ என்றால் அங்கே பூர்வகுடிகள் என்பதால் இப்படி ஒரு ஏற்பாடு. 1920 முதல் 1940 வரையான அமெரிக்கக் கணக்கெடுப்புகளில் ‘ஹிந்து’ என்பது மதம் இல்லை, ஒரு இனத்தின் பெயர். அப்புறம் 1970 கணக்கெடுப்பில் இந்தியர்களை வெள்ளையர் கணக்கில் சேர்த்தார்கள்! அங்கே இருந்த இந்தியச் சங்கங்கள் அரசிடம் வாதாடி, 1980 கணக்கெடுப்பில் ‘ஏசியன் இண்டியன்’ என்று தனிக் கட்டம் வாங்கின. ஆக, ஒரு தமிழ்க் குடும்பம் அறுபது வருடம் அதே நாட்டில், அதே வீட்டில் இருந்திருந்தால் ஹிந்து, வெள்ளையர், ஏசியன் இண்டியன் என்று மூன்று இனமாக எண்ணப்பட்டிருக்கும்.

‘காகேசியன்’ என்றால் காகசஸ் மலைக்காரரா?

இல்லை. கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் மண்டையோடுகளைச் சேகரித்து மனிதரை ஐந்து வகையாகப் பிரித்த புளூமன்பாக் என்ற ஜெர்மானியர் 1795இல் ஒரு வகைக்கு வைத்த பெயர். ஜார்ஜியா நாட்டுப் பெண் ஒருவரின் மண்டையோடு அவருக்கு அழகின் உச்சமாகத் தெரிந்தது, அவ்வளவுதான் அடிப்படை. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆஸ்பத்திரிப் பதிவிலும் போலீஸ் அறிக்கையிலும் இந்தச் சொல் இன்னும் ‘வெள்ளையர்’ என்ற பொருளில் ஓடுகிறது. பிரிட்டனில் ‘ஒயிட்’ என்று நேராகச் சொல்வதுதான் அதிகம். இந்தச் சொல் விஞ்ஞானச் சொல் மாதிரி தோன்றினாலும் விஞ்ஞானம் இதை எப்போதோ கைவிட்டுவிட்டது.

அமெரிக்கப் பூர்வகுடிகளை ‘இண்டியன்’ என்று சொல்லலாமா, கூடாதா?

எல்லைக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் ‘அமெரிக்கன் இண்டியன்’ இன்றும் சட்டச் சொல். 1824இல் தொடங்கிய இண்டியன் விவகாரங்கள் அலுவலகம் அதே பெயரில்தான் இயங்குகிறது, 2004இல் வாஷிங்டனில் திறந்த தேசிய அருங்காட்சியகத்தின் பெயரிலும் ‘அமெரிக்கன் இண்டியன்’தான் இருக்கிறது. பூர்வகுடி முதியவர்கள் பலர் தங்களைத் தாங்களே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். கனடாவுக்குள் நுழைந்தால் அதே சொல் காதில் கடுமையாக விழும். அங்கே 1876 ‘இண்டியன் சட்டம்’ இன்னும் அமலில் இருப்பதால் சட்டக் காகிதங்களில் பார்க்கலாம், ஆனால் மனிதரைப் பார்த்துச் சொல்வதில்லை. ஃபர்ஸ்ட் நேஷன்ஸ், இனுவிட், மெட்டி என்று மூன்று தனித்தனிப் பெயர்கள் உண்டு, மூன்றையும் சேர்த்துச் சொல்ல ‘இண்டிஜினஸ்’. ‘எஸ்கிமோ’வும் இப்படித்தான்: கனடாவில் அது அவமதிப்பு, எட்மண்டன் நகரத்தின் கனடியன் ஃபுட்பால் குழு அந்தப் பெயரை 2020இல் கைவிட்டது. அலாஸ்காவில் யூபிக் மக்கள் இனுவிட் இல்லை என்பதால், இருவரையும் சேர்த்துச் சொல்ல அந்தப் பழைய சொல்லைப் பயன்படுத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் ‘அபாரிஜினல் மற்றும் டாரஸ் ஜலசந்தித் தீவு மக்கள்’ என்று முழுதாகச் சொல்வதுதான் மரியாதை, ‘நேட்டிவ்’ என்பது அங்கே காலனிக் காலத்து ஏளனம். அமெரிக்காவிலோ ‘நேட்டிவ் அமெரிக்கன்’ கௌரவமான பெயர்.

இங்கே நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. தமிழில் இன்னும் ‘செவ்விந்தியர்’ என்று எழுதுகிறோம். அது ‘ரெட் இண்டியன்’ என்பதை அப்படியே தமிழாக்கியது, அந்த மக்கள் வசையாகக் கேட்டுப் பழகிய சொல். வாஷிங்டனின் அமெரிக்கன் ஃபுட்பால் குழுவே தோல்நிறம் சுட்டும் தன் பெயரை 2020இல் விட்டுவிட்டது, நாமும் விட்டுவிடலாம். ‘அமெரிக்கப் பூர்வகுடிகள்’ என்று எழுதுங்கள். நவஹோ, செரோக்கி என்று அந்த இனத்தின் பெயர் தெரிந்தால் அதையே எழுதுவது இன்னும் நல்லது.

‘ஈஸ்ட் இண்டியன்’ என்றால் வங்காளிகளா, ஒடியாக்காரர்களா?

கரீபியன் தீவுகளிலும் கனடாவிலும் அது இந்தியாவிலிருந்து வந்த எல்லாரும். ‘வெஸ்ட் இண்டீஸ்’ என்று கொலம்பஸ் காலத்திலிருந்து ஒரு பெயர் இருக்கும் இடத்துக்கு உண்மையான இந்தியர்கள் கூலிகளாக வந்து இறங்கினால் வேறு எப்படித்தான் பிரித்துச் சொல்வது? கயானாவுக்கு 1838இலும் டிரினிடாடுக்கு 1845 மே 30 அன்றும் முதல் கப்பல்கள் வந்தன. கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இது எளிது: சோனி ராமதின், ரோஹன் கன்ஹாய், சந்தர்பால் எல்லாரும் ஈஸ்ட் இண்டியன் வம்சம், வெஸ்ட் இண்டியன் ஆட்டக்காரர்கள். ஒருவரே இரண்டும், அதில் முரண்பாடே இல்லை.

அதே கயானாவில் ‘மெட்ராஸி’ என்ற பெயரையும் கேட்பீர்கள். வட இந்தியாவில் நம்மைச் சீண்டச் சொல்லும் அதே சொல்தான். ஆனால் கயானாவில் அது சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்களின் வழிவந்தவர்களின் பெயர், காளியம்மன் வழிபாட்டையும் தப்பு மேளத்தையும் காத்து வைத்திருப்பவர்களின் பெயர், பெருமையோடு சொல்லிக்கொள்வது. டெல்லியில் வாங்கிய கோபத்தோடு ஜார்ஜ்டவுனில் போய்ச் சண்டை போடக்கூடாது.

மும்பையில் இன்னொரு ‘ஈஸ்ட் இண்டியன்’ இருக்கிறார்கள். அவர்கள் மேற்குக் கடற்கரையின் பூர்வீகக் கத்தோலிக்கர்கள். 1887இல் விக்டோரியா ராணியின் பொன்விழா ஆண்டில், கிழக்கிந்தியக் கம்பெனியோடு தங்களுக்கு இருந்த தொடர்பைக் காட்டி அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள்.

‘கலர்ட்’ என்ற சொல் கெட்ட வார்த்தையா?

லண்டனிலும் நியூயார்க்கிலும் ஆம். கேப் டவுனில் அது லட்சக்கணக்கானோரின் பெயர்.

பிரிட்டனில் அது நிறவெறி விளம்பரப் பலகைகளின் வாடை வீசும் சொல். 2020 நவம்பரில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத் தலைவர் கிரெக் கிளார்க் நாடாளுமன்றக் குழு முன்னால் ‘கலர்ட்’ ஆட்டக்காரர்கள் என்று சொன்னார், வேறு சில பேச்சுகளும் சேர்ந்துகொள்ள அன்றைக்கே பதவி விலக வேண்டியதாயிற்று. அமெரிக்காவிலும் அது இனப்பாகுபாட்டுக் காலத்துச் சொல். 1909இல் தொடங்கிய கறுப்பின உரிமைச் சங்கத்தின் பெயரில் மட்டும் வரலாறாக நிற்கிறது. ஆனால் ‘பீப்பிள் ஆஃப் கலர்’ என்று திருப்பிப் போட்டால் அது இன்றைய மரியாதைச் சொல்.

தென்னாப்பிரிக்காவில் கதை வேறு. கொய்சான் பூர்வகுடிகள், கேப் காலனிக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆசிய, ஆப்பிரிக்க மக்கள், ஐரோப்பியர்கள் என்று பல வழிகள் கலந்து பிறந்த சமூகம் அது. பெரும்பாலும் ஆஃப்ரிகான்ஸ் பேசுவார்கள், மக்கள்தொகையில் சுமார் 8 சதவீதம், வெஸ்டர்ன் கேப் மாகாணத்தில் மிகப் பெரிய குழு. ஆனால் இந்தப் பெயருக்குள் வன்முறையும் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. 1950 மக்கள் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் ஒரு இனப்பெட்டிக்குள் அடைத்தது. சந்தேகம் வந்தால் தலைமுடியில் பென்சிலைச் செருகிப் பார்ப்பார்கள்: விழுந்தால் ஒரு இனம், நின்றால் வேறு இனம். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் வேறு வேறு இனமாகப் பதிவாகி, வேறு வேறு பகுதிகளில் வாழ வேண்டியதானது. 1991இல் அந்தச் சட்டம் போயிற்று. பெயரை வைத்துக்கொள்வதா விட்டுவிடுவதா என்று அந்தச் சமூகத்துக்குள்ளேயே இன்றும் பேச்சு நடக்கிறது. அந்த முடிவு அவர்களுடையது, தமிழில் எழுதும்போது ‘கறுப்பினத்தவர்’ என்றோ ‘கலப்பினத்தவர்’ என்றோ மாற்றாமல் ‘கலர்ட் சமூகத்தினர்’ என்று எழுதி ஒரு வரி விளக்கம் கொடுப்பதுதான் சரி.

‘பிளாக்’ என்பதாவது எல்லா நாட்டிலும் ஒன்றுதானே?

அதுவும் இல்லை. அமெரிக்காவில் ஆப்பிரிக்க வம்சாவளியினர். ஆஸ்திரேலியாவில் பூர்வகுடிகளும் தங்களை பிளாக் என்பார்கள், 1991 முதல் கலைஞர் டெஸ்டினி டீக்கன் வழியாக ஆங்கிலத்தில் அதில் ‘c’ எழுத்தை எடுத்துவிட்டு ‘Blak’ என்று எழுதும் வழக்கமும் வந்தது. பிரிட்டனில் 1970, 80களில் இந்தியரும் பாகிஸ்தானியரும் கரீபியரும் சேர்ந்து நிறவெறியை எதிர்த்தபோது எல்லாருக்கும் பொதுவான அரசியல் பெயர் ‘பிளாக்’. 1979இல் லண்டனில் தொடங்கிய சௌத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் இன்றும் இருக்கிறது, அது பெரும்பாலும் தெற்காசியப் பெண்களுக்காக உழைக்கும் அமைப்பு. இன்று லண்டனில் ஒரு தமிழ் இளைஞர் தன்னை பிளாக் என்றால் புரியாமல் பார்ப்பார்கள், அவருடைய அப்பா காலத்தில் யாரும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

தென்னாப்பிரிக்காவில் அந்த ஒற்றுமை சட்டத்திலேயே ஏறிவிட்டது. நிறவெறி எதிர்ப்புப் போராளி ஸ்டீவ் பிகோ காலத்துக் கறுப்பு உணர்வு இயக்கம் ஆப்பிரிக்கர், கலர்ட், இந்தியர் மூவரையும் ‘பிளாக்’ என்றது. 1998 வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டமும் அதே மூவரையும் அந்தச் சொல்லுக்குள் வைக்கிறது. 2008இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் தென்னாப்பிரிக்கச் சீனர்களும் இதில் அடக்கம் என்று தீர்ப்பளித்தது. நிறவெறிக் காலத்தில் அவர்களும் ஒடுக்கப்பட்டார்கள் என்பதுதான் காரணம், தோல்நிறம் இங்கே பேச்சே இல்லை.

சரி, ‘தமிழ்’ என்ற பெயராவது மாறாமல் இருக்கிறதா?

நமக்கு மிகவும் நெருக்கமான கேள்வி இது. டொராண்டோவில், முக்கியமாக ஸ்கார்பரோ பக்கம், ‘டமில்’ என்றால் ஈழத் தமிழர். கனடா நாடாளுமன்றம் 2016இல் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றதற்குப் பின்னால் இருந்த உழைப்பில் பெரும்பகுதி போரால் பெயர்ந்து வந்தவர்களுடையது. நியூ ஜெர்சியில் அதே சொல் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து கணினி வேலைக்குப் போனவர்கள்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் போனால் இன்னும் வியப்பு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் அங்கே கரும்புத் தோட்டத்துக்கு ஆட்களைக் கொண்டு சேர்த்தது. அவர்களின் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் வீட்டில் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். ஆனால் ‘நாங்கள் தமிழ்’ என்பார்கள், அப்போது அவர்கள் சொல்வது வழிபாட்டையும் சடங்கையும். முருகனுக்குக் காவடி எடுப்பது, தீ மிதிப்பது, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவது இதெல்லாம் ‘தமிழ்’. ‘ஹிந்து’ என்ற சொல்லை ஹிந்தி பேசிய குடும்பங்களுக்கு ஒதுக்கிவிட்டு ‘நாங்கள் ஹிந்து இல்லை, தமிழ்’ என்று சொல்லும் பெரியவர்கள் அங்கே உண்டு. பெயர்களைப் பாருங்கள்: கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆகியிருக்கிறார், முதலி ‘மூட்லி’, படையாட்சி ‘படயாச்சி’. கப்பல் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியதை ஆறு தலைமுறை சுமந்து வந்திருக்கிறது. அவர்களிடம் போய் ‘தமிழ் பேசத் தெரியாதா, அப்புறம் என்ன தமிழர்’ என்று கேட்கிற நம் ஆட்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். நிறவெறி ஆட்சியில் எல்லாம் பறிபோன பிறகும் அவர்கள் பிடித்து வைத்திருந்த பெயர் அது.

சிங்கப்பூரில் எல்லாத் தமிழரும் ‘இண்டியன்’தானா?

அரசுப் பதிவில் ஆம். சீனர், மலாய், இந்தியர், பிறர் என்று நான்கே பிரிவு. ‘இந்தியர்’ என்பதில் பாகிஸ்தான், வங்கதேச, இலங்கை வம்சாவளியினரும் அடக்கம். யாழ்ப்பாணத் தமிழ் வம்சாவளியான தர்மன் சண்முகரத்தினம் 2023இல் அதிபரானபோது இந்தியச் சமூகத்தவராகத்தான் கணக்கானார். அவருக்கு முன் அதிபராக இருந்த ஹலிமா யாக்கோப்பின் அப்பா இந்திய முஸ்லிம், ஆனால் அவர் 2017இல் மலாய்ச் சமூகத்துக்கென ஒதுக்கிய தேர்தலில் மலாய் வேட்பாளராகச் சான்று பெற்றவர். அங்கே இந்தப் பதிவு வெறும் காகிதம் இல்லை: வீடமைப்புக் கழக அடுக்குமாடியில் எந்த வீட்டை யார் வாங்கலாம் என்பதை 1989 முதல் இன விகிதம் தீர்மானிக்கிறது.

அரபுக்காரர்கள் அமெரிக்காவில் வெள்ளையரா?

நீண்ட காலமாக அரசுக் கணக்கில் ஆம். 1915இல் ஜார்ஜ் டோ என்ற சிரியர் நீதிமன்றம் போய் வாங்கிய நிலை அது. 2024 மார்ச்சில் ‘மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்கா’ என்ற தனிப் பிரிவை அறிவித்துவிட்டார்கள். இங்கிலாந்து-வேல்ஸில் ‘அரப்’ என்று தனிக் கட்டம் 2011 முதலே இருக்கிறது.

‘யாங்கி’, ‘ஆங்கிலோ இண்டியன்’ போன்றவை?

உலகத்துக்கு எல்லா அமெரிக்கரும் யாங்கி. அமெரிக்கத் தெற்கில் யாங்கி என்றால் வடக்கத்தியர், வடக்கிலோ நியூ இங்கிலாந்து எனப்படும் வடகிழக்கு மாநிலங்களின் ஆள். டெக்சாஸில் பிறந்தவரை யாங்கி என்று கூப்பிட்டால் ரசிக்க மாட்டார்.

‘ஆங்கிலோ இண்டியன்’ 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் வாழ்ந்த வெள்ளைக்காரரைக் குறித்தது. 1911 கணக்கெடுப்பிலிருந்து கலப்பு வம்சத்தவரைக் குறிக்கிறது. பழைய ஆங்கில நூலைப் படிக்கும்போது ஆண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பெரம்பூர் ரயில்வே காலனிக் குடும்பத்தையும் கவர்னர் மாளிகைத் துரையையும் ஒன்றாக நினைத்துவிடுவீர்கள்.

படிவம் வந்தால் நான் எதை டிக் செய்வது?

முதலில் ஒன்று: பெரும்பாலான இந்த நாடுகளில் இது நீங்களே உங்களைப் பற்றிச் சொல்வது, யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. வேலை விண்ணப்பங்களில் பெரும்பாலும் ‘சொல்ல விருப்பமில்லை’ என்ற கட்டமும் இருக்கும்.

அமெரிக்காவில் தமிழ்நாட்டுக்காரர் ‘ஏசியன் இண்டியன்’, இலங்கைத் தமிழர் ‘வேறு ஏசியன்’ கட்டத்தில் எழுதலாம். இங்கிலாந்தில் இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர், சீனர் என்றுதான் கட்டங்கள், இலங்கைக்குக் கட்டமே இல்லை. அதனால் ‘வேறு ஆசியப் பின்னணி’யில் தமிழ் என்றோ இலங்கைத் தமிழ் என்றோ எழுதுங்கள், அவசரத்தில் ‘இந்தியர்’ என்று டிக் செய்தால் ஈழத் தமிழர் எண்ணிக்கை அந்த நாட்டுக் கணக்கிலிருந்தே மறைந்துபோகும். கனடாவில் ‘சவுத் ஏசியன்’ கட்டம், கூடவே பூர்வீகம் கேட்கும் இடத்தில் ‘தமிழ்’. ஆஸ்திரேலியா இனம் கேட்பதில்லை, வம்சாவளி கேட்கும், இரண்டு வரை எழுதலாம். வீட்டில் என்ன மொழி என்ற கேள்விக்கும் ‘தமிழ்’ என்று மறக்காமல் எழுதுங்கள். ஃபிஜியிலிருந்து நியூசிலாந்து போன தமிழ் வம்சத்தவர் பசிபிக் தீவில் பிறந்தும் அங்கே ‘ஏசியன்’ தொகுப்பில்தான் எண்ணப்படுவார்கள்.

ஆங்கிலச் செய்தியைத் தமிழில் எழுதும்போது என்ன செய்யலாம்?

பிரிட்டிஷ் செய்தியில் ‘ஏசியன்’ என்றால் ‘தெற்காசியர்’ என்று எழுதுங்கள், செய்தியில் நாடு தெரிந்தால் நாட்டையே எழுதுங்கள். அமெரிக்கச் செய்தியில் ‘ஆசிய வம்சாவளி அமெரிக்கர்’. தென்னாப்பிரிக்காவிலிருந்து வரும் ‘பிளாக்’ சட்டச் செய்தியா, பேச்சுவழக்கா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள், சட்டச் செய்தி என்றால் இந்தியரும் அதில் உண்டு என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். பேட்டி எடுக்கிறீர்கள் என்றால் உங்களை எப்படிக் குறிப்பிடுவது என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். கேட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.